மூட்டம்: நெருப்பை அடக்கிய கைகளின் வரலாறு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் போராட்டம், தலைவர், இலக்கியம் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது நெருப்பு. உருவகமாகச் சொல்லும் நெருப்பை அல்ல, கரியில் கனன்று, மண்ணுக்குள் அடங்கி, காற்று கிடைத்தால் சீறி, காற்று போனால் அவிந்துபோகிற உண்மையான நெருப்பை. அதைக் காத்துவந்தவர்களுக்கு வரலாற்றில் என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்பதே நம் கேள்வி.

இந்தப் பேச்சுக்கு நம்மைத் தள்ளியது ஒரு செய்தி. 2024 ஆகஸ்ட் மாதம் நம் மாவட்டத்தின் மலையூரான கொடைக்கானலில் நண்பர்கள் சிலர் சுற்றுலா வந்து தங்கினார்கள். கரியடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். அடுப்பு அறைக்குள்ளேயே இருக்க, உறங்கிவிட்டார்கள். அவர்களில் இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. செய்தித்தாள்கள் புகையால் மூச்சுத் திணறி இறந்ததாக எழுதின. ஆனால் கண்ணை எரிக்கிற, இருமவைக்கிற புகை இருந்திருந்தால் அவர்கள் விழித்திருப்பார்கள். நன்றாகப் பிடித்துச் சிவந்த கரியில் புகை அநேகமாக இருக்காது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலை கனக்கும், தூக்கம் வரும். தூங்கியவர் எழமாட்டார்.

இறந்த பிள்ளைகளைக் குறை சொல்ல நாம் இதைச் சொல்லவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் மலையடிவாரத்தில், இந்தச் சமவெளியில், கரி மூட்டத்தின் பக்கத்தில் இரவைக் கழித்த எங்கள் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்: கங்கு இருக்கிற இடத்தில் கதவைச் சாத்தாதே, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் படுக்காதே. ஒருவருக்குத் தெரிந்திருந்தது, இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் நின்றது எது? இதைத்தான் இன்று வரலாறாகப் பேச விரும்புகிறோம்.

1. எங்கே தேடுவது

திண்டுக்கல் பற்றி எழுதப்பட்ட ஆவணங்கள் குறைவில்லை. மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், இந்தப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. 1868இல் ஜே. எச். நெல்சன் மதுரை நாட்டைப் பற்றித் தடித்த நூல் எழுதினார். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் மதுரை மாவட்டக் கெசட்டியரைத் தொகுத்தார். கோட்டை, வரி, பாளையக்காரர், பாசனம், புகையிலை, சுருட்டு, தோல் எல்லாம் காகிதத்தில் ஏறியிருக்கின்றன. கொல்லன் உலைக்கும், சலவைக்காரரின் இஸ்திரிப் பெட்டிக்கும், கிளப்புக்கடை அடுப்புக்கும் கரி வந்துகொண்டே இருந்தது. அந்தக் கரியைச் சுட்டவரின் பெயரை ஆவணத்தில் தேடிப் பயனில்லை.

ஆவணம் இல்லாத இடத்தில் வழக்கத்தை வாசிக்கலாம் என்று நமக்குக் காட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் பண்டிகை, சடங்கு, சொல், பழமொழி எல்லாவற்றையும் வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டார். கார்த்திகை விளக்கைக்கூட எண்ணெய் வித்துக்களிலிருந்து எண்ணெய் கண்டறிந்த பழைய பௌத்தர்களின் அறிவோடு சேர்த்து வாசித்தார். அவர் முடிவுகளை எல்லாம் நாம் ஏற்கவேண்டியதில்லை. விளக்கு எரிகிறது என்றால் அதன் பின்னால் எண்ணெய் எடுத்த ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்ற அவருடைய பார்வை நமக்கு வேண்டும். அதே பார்வையோடு ‘மூட்டம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்.

மூட்டம் என்றால் மூடி வைத்த நெருப்பு. நம் ஊர்களில் இந்தச் சொல் இரண்டு வேலைகளுக்கு வழங்குகிறது. ஒன்று, விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்குவது. மற்றொன்று, சுடுகாட்டில் பிணத்தை விறகும் வரட்டியும் வைக்கோலும் கொண்டு மூடி, மேலே மண் பூசி எரிப்பது. தொழில் இரண்டு, நுட்பம் ஒன்று. ஆகவே சொல்லும் ஒன்று.

2. கரி மூட்டம் வேலை செய்யும் விதம்

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் போனாலும் சரி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் போனாலும் சரி, வேலையின் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் இடம். மேடான, கெட்டியான, தண்ணீர் தேங்காத தரை. பக்கத்தில் கூரை வீடோ வைக்கோற்போரோ கூடாது. அடியில் மரத்தின் வேர் இருக்கக் கூடாது, இருந்தால் நெருப்பு வேரைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்த் தலைகாட்டும். அடுத்தது மண். வெறும் களிமண் என்றால் சூட்டில் வெடித்துப் பிளக்கும், வெறும் மணல் என்றால் விறகின் இடுக்கில் சரிந்து விழும். இரண்டும் கலந்த மண் வேண்டும். பழைய மூட்டத்தில் ஏற்கனவே வெந்த கருமண் இன்னும் நல்லது.

விறகைச் சில வாரம் காயவிட்டு அடுக்குவார்கள். பச்சை விறகில் நீர் அதிகம், அந்த நீரை விரட்டுவதற்கே பாதி விறகு எரிந்துபோகும். அடியில் காற்று ஓட வழி விட்டுக் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் விறகு. கனத்த கட்டையும் தூரும் நடுவில், சிறுகட்டை வெளியில், இடுக்கெல்லாம் சுள்ளி. அதன்மேல் தழை அல்லது வைக்கோல், அதன்மேல் மண். அடியில் சுற்றிலும் துளைகள். ஒரு முனையில் தீ வைப்பார்கள். நன்றாகப் பிடித்ததும் அந்த வாயை மூடிவிடுவார்கள்.

இனிமேல்தான் வேலையே. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. புகைதான் செய்தி சொல்லும். வெள்ளையாக, கனமாக, ஈரமாக வந்தால் விறகிலிருந்து நீர் போகிறது. மஞ்சளாகி, நெடியேறி, கண்ணில் நீர் வரவழைத்தால் மரம் உள்ளே சிதைந்துகொண்டிருக்கிறது. மெலிந்து நீலமாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போனால் அந்தப் பக்கம் கரி ஆகிவிட்டது. உடனே அந்தத் துளையை அடைத்து அடுத்த துளையைத் திறக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகும். இப்படித் துளைகளைத் திறந்தும் அடைத்தும் நெருப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். சிறிய மூட்டம் என்றால் நான்கைந்து நாள், பெரியது என்றால் இரண்டு வாரம்கூட ஆகும். காற்று திசை மாறினால் தட்டி வைத்து மறைக்க வேண்டும். உள்ளே விறகு சுருங்கச் சுருங்க மேல்மண் இறங்கி விரிசல் விடும், விரிசலை மண் குழைத்து அப்ப வேண்டும். கையை மண்ணருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள். இரவில் மாற்றி மாற்றிக் காவல்.

வேதியியல் இதையே எண்ணாகச் சொல்கிறது. நூறு டிகிரி செல்சியஸ் வரை விறகின் நீர் ஆவியாகிறது. 270, 280 டிகிரியைத் தாண்டும்போது மரம் தானே சிதைந்து தன் சூட்டைத் தானே தர ஆரம்பிக்கிறது. அப்போது வெளிக்காற்று அதிகம் தேவையில்லை, அதிகமாகப் போனால் கேடு. 400, 500 டிகிரிக்குள் நல்ல கரி கிடைக்கிறது. மண் மூட்டத்தில் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் கைதேர்ந்த வேலை. எந்த அளவுக் கருவியும் இல்லாமல் புகையின் நிறம், நெடி, மண்ணின் சூடு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இருநூறு டிகிரி இடைவெளிக்குள் நெருப்பை நிறுத்தி வைப்பதைக் கல்லூரியில் செய்தால் ஆய்வு என்கிறோம். சீமைக் கருவேலங்காட்டில் செய்தால் ‘கரி சுடுகிறான்’ என்கிறோம்.

எல்லாத் துளைகளையும் அடைத்த பிறகு ஆறவிட வேண்டும். ஆறிவிட்டது என்று நினைத்துப் பிரிக்கும்போதுதான் ஆபத்து. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் காற்றுப் பட்டதும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரித்த கரியைப் பரப்பி ஒரு பகலும் இரவும் பார்த்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகச் சூடேறும் இயல்புடையது. அவசரப்பட்டுக் கட்டினால் மூட்டைக்குள் புகைந்து, ஓடும் லாரியில் தீப்பிடிக்கும்.

3. காடும் கருவேலமும்

இந்த நெருப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நம்மை நில வரலாற்றுக்குக் கொண்டுபோகிறது. 1875இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி விறகு வெட்டுவதும் கரி சுடுவதும் குற்றமாயின. சிறுமலைக்கும் பழனிமலைக்கும் நடுவில் கிடந்த சமவெளிக்காரருக்கு நேற்றுவரை விறகு பொறுக்கிய இடம் இன்று அரசின் சொத்து. நிலம் உள்ளவருக்கு வயல் ஓரத்து மரம் இருந்தது. நிலம் இல்லாத சேரிக்கு எது இருந்தது?

சீமைக் கருவேலத்தின் கதை இங்கே சேர்கிறது. 1870களில், விறகுப் பஞ்சத்துக்குத் தீர்வாக, இந்த மரத்தின் விதை அமெரிக்கக் கண்டத்துப் பக்கமிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசே விதை தூவியதாக நம் கிராமங்களில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அதன் வருகை அதற்கும் முக்கால் நூற்றாண்டு முந்தையது. அது கண்மாயையும் தரிசையும் மூடியது, பிற செடிகளை அண்டவிடவில்லை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டது. இந்த மரம் சூழலைக் கெடுப்பது உண்மை. காடு பூட்டப்பட்ட பிறகு நிலமற்றவரின் அடுப்புக்கும் கரித் தொழிலுக்கும் மிஞ்சிய மரம் அதுதான் என்பதும் உண்மை. மரத்தை அகற்றுவது பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு ஆணைக்கும் பக்கத்தில், அதை நம்பிப் பிழைத்தவருக்கு என்ன மாற்று என்று இன்னொரு தாள் இருந்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு காலம் கரிக்கு மவுசு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பேருந்துகளின் பின்னால் பெரிய உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைக் கனலவிட்டு, வரும் வாயுவால் வண்டி ஓட்டினார்கள். கரி பஸ் என்று அந்தத் தலைமுறை நினைவில் வைத்திருந்தது இதைத்தான். அந்த உருளைக்குள் வேலை செய்த வாயுவும் கார்பன் மோனாக்சைடுதான். மூடிய அறையில் உயிரைக் குடிக்கிற அதே வாயு அங்கே எரிபொருள். நெருப்பு நல்லதோ கெட்டதோ அல்ல. காற்றை எங்கே விடுகிறோம், எங்கே அடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

4. சுடுகாட்டு மூட்டம்

இப்போது அந்தச் சொல்லின் இரண்டாவது பொருளுக்கு வருவோம்.

திறந்த சிதையில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், விறகு அதிகம் பிடிக்கும். மூட்டம் அப்படியல்ல. அடியில் விறகும் வரட்டியும், மேலே வரட்டியும் வைக்கோலும், அதற்கு மேல் குழைத்த மண் பூச்சு, புகை போகத் துளைகள். சூடு உள்ளேயே சுற்றுகிறது. குறைந்த எரிபொருளில் இரவு முழுக்கக் கனன்று காலையில் எலும்பை எடுத்துக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் எப்படி அடுக்குவது, நோயில் மெலிந்த உடலுக்கு எவ்வளவு, நீர் கோத்த உடலுக்கு எவ்வளவு, காற்றடிக்கும் இரவில் எந்தத் துளையை அடைப்பது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்த கணக்கு. சொந்தக்காரர்கள் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகுதான் நெருப்பின் வேலை ஆரம்பிக்கிறது. இரவு முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர்தான்.

அவரை ஊர் வெட்டியான் என்றது. இந்தச் சமவெளியில் அந்த வேலை பறையர், அருந்ததியர் குடும்பங்களின்மேல் பிறப்பால் சுமத்தப்பட்டது. கூலிக்குப் பதில் துணி, நெல், கால்துட்டு. மறுத்தால் ஊர்க்கட்டுப்பாடு. அறிவு தேவைப்பட்டது, அறிவுடையவரைத் தொடக் கூடாதென்றது. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, உழைப்பவர்களையே ஒருவருக்கொருவர் தொடாதபடி பிரித்தது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் எழுதியதன் பொருளை மூட்டத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும்.

சட்டம் இதற்குத் தாமதமாகத்தான் வந்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனிதப் பிணம், விலங்குப் பிணம் ஆகியவற்றை அகற்றவோ சுமக்கவோ வைப்பதும், குழி தோண்ட வைப்பதும் அதன்படி வன்கொடுமை. இங்கே கூடியிருக்கும் செயல்பாட்டாளர்கள் இந்தப் பிரிவை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். ‘பரம்பரை வழக்கம்’ என்ற சொல் இனி நியாயமாகாது.

நகரங்களில் எரிவாயு தகனமேடை வந்துவிட்டது. நல்லது. ஆனால் மேடைக்குள் வேலை செய்பவர் யார் என்று பாருங்கள். கருவி மாறியிருக்கிறது, பல இடங்களில் கை மாறவில்லை.

5. அடுப்பும் அடையாளமும்

நெருப்பை அடக்குவது சமையலிலும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் மாட்டிறைச்சியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் வெயிலில் காயவைத்து, மழை வந்தால் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். உப்புக்கண்டம் என்பது அதுதான். அடுப்பில் கொழுந்துவிட்டு எரியக் கூடாது. எரிந்தால் கொழுப்பு உருகிச் சொட்டி நெருப்பு மேலேறும், இறைச்சி வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும். மெல்லிய புகையும் மெல்லிய சூடும் நாள்கணக்கில் வேண்டும். உப்பு நீரை இழுக்கிறது, வெயிலும் சூடும் உலர்த்துகின்றன, புகையிலுள்ள பொருள்கள் கிருமியையும் ஈயையும் தள்ளி வைக்கின்றன. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் பஞ்ச மாதங்களுக்கான சேமிப்பு இது. ஆனால் இந்த வாசனைக்காக நம் பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிந்தார்கள். புகை எழுந்தால் ஊருக்குத் தெரியும் என்று பயந்து சமைத்த தாய்மார்களின் வரலாறும் நெருப்பின் வரலாறுதான்.

இன்று திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரருக்குப் பூட்டும் பிரியாணியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957இல் இங்கே தொடங்கிய ஒரு பிரியாணிக் கடையின் பெயர் கடல் கடந்து போயிருக்கிறது. சீரகச் சம்பா பிரியாணியின் இரகசியம் தம். அடியில் விறகை இழுத்துத் தணலை மட்டும் விட்டு, மூடியை இறுக்கி, மூடியின் மேலும் கங்கு பரப்புவது. அதுவும் மேலும் கீழும் சூடு சுற்றுகிற ஒரு சின்ன மூட்டம்தான். பெயர் கடைக்குப் போனது. தேக்சாவைச் சுற்றி வெந்து நின்றவர், கரி சுட்டு அனுப்பியவர் ஆகியோரின் பெயரைக் கேட்பவரில்லை.

இது நம் ஊரின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பிக்யூ என்று கொண்டாடப்படும் உணவின் பின்னாலும் இதே கதை உண்டு. தோட்ட முதலாளிகளின் விருந்துக்குக் குழி வெட்டி, விறகை எரித்துக் கங்காக்கி, இரவு முழுக்க விழித்து இறைச்சியை மெல்லச் சுட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். பிற்காலத்தில் அது ‘தென்னாட்டுப் பண்பாடு’ ஆனபோது அவர்கள் படத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். கறுப்பின எழுத்தாளர்கள் இப்போது அந்த இடத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது பெயரையே அந்த மக்களின் போராட்டத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அடுப்பின் வரலாற்றிலும் அந்த உறவு தொடரட்டும்.

இன்று நம் நகரங்களில் மூடியுள்ள இரும்புப் புகையடுப்புகள் விற்பனைக்கு வந்துள்ளன. கீழே காற்று நுழைய ஒரு துளை, மேலே புகை போக ஒரு துளை, மூடியில் ஒரு வெப்பமானி. 110 டிகிரி, 120 டிகிரியில் நிறுத்து, கீழ்த் துளையால் கட்டுப்படுத்து, மேல்துளையை முழுக்க அடைக்காதே, அடிக்கடி மூடியைத் திறக்காதே, கட்டடத்துக்குள் வைக்காதே, முடிந்தபின் இரண்டையும் அடைத்து ஆறவிடு, சாம்பலை மறுநாள் கொட்டு என்று அதன் கையேடு சொல்கிறது. இதில் எந்த வரி மூட்டக்காரருக்குப் புதிது?

6. தெரிந்தும் ஏன் சாகிறார்கள்

இங்கே நாம் கடினமான கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும். இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் வெந்துபோகிறார்கள்?

மூட்டத்தின் மேல் ஏறக் கூடாது என்பது முதல் பாடம். மேலே மண் கெட்டியாகத் தெரியும், உள்ளே விறகு எரிந்து குழியாகியிருக்கும். கால் வைத்தால் இடுப்புவரை கங்குக்குள் போகும். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் நீளப் பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் நின்று, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூலி மூட்டைக் கணக்கில் என்றால்? உச்சியில் விரிசல் விட்டுத் தீ எட்டிப் பார்க்கிறது. பலகை எடுத்துவர நேரமில்லை, துணைக்கு ஆள் இல்லை. விட்டால் பத்து நாள் வேலை சாம்பல், சாம்பலுக்குக் கூலியில்லை. வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கிறது. அப்போது ஒருவர் ஏறுகிறார். அறியாமையால் ஏறவில்லை. நஷ்டம் முழுவதும் அவர் கணக்கில் எழுதப்படும் என்பதால் ஏறுகிறார்.

ஆறும் முன் பிரிப்பதும் அப்படித்தான். லாரி வந்து நிற்கிறது. இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று சொல்ல மூட்டக்காரருக்கு அதிகாரம் இல்லை. இரவுக் காவலுக்குத் தனிக் கூலி இல்லாததால் இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒருவர் பார்க்கிறார். மூன்றாம் இரவு கண் அசந்து, சூட்டுக்காக மூட்டத்தை ஒட்டியே படுக்கிறார். வாடைக்காற்று புகையில்லாத வாயுவை அவர் முகத்துக்குக் கொண்டுவருகிறது. ஆக, பாதுகாப்பு என்பது தகவல் மட்டுமல்ல. நேரம், ஆள், கூலி ஆகிய மூன்றும் இருந்தால்தான் தகவல் உயிரைக் காக்கும்.

கரித்தொழிலில் இருப்பவர் எல்லோரும் தலித்துகள் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழங்குடி இருளர் உண்டு, பிற ஏழைச் சாதியினரும் உண்டு. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பதைக் குற்றமாக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதிகளின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை வருவாய்த் துறையினர் மீட்க வேண்டியிருந்தது. மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். விறகுக்கும் கரிக்கும் விலை பேசும்போது அந்தப் படம் நம் கண்முன் இருக்க வேண்டும்.

7. என்ன செய்யலாம்

முதலாவது, மாணவர்களுக்கு. உங்கள் ஊரில் மூட்டம் போட்டவர், சுடுகாட்டில் நெருப்புக் காத்தவர், அடுப்புக்கு மேல் கண்டம் கட்டியவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். ‘கஷ்டப்பட்டீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எப்படிச் செய்தீர்கள்’ என்று கேளுங்கள். புகையின் நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்களையும், மண் வகைகளின் பெயரையும், காற்றின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். துன்பத்தை மட்டும் பதிவு செய்தால் நம் மக்கள் துன்பப்பட்டவர்களாக மட்டுமே வரலாற்றில் நிற்பார்கள். அவர்களுடைய அறிவையும் பதிவு செய்ய வேண்டும்.

திண்டுக்கல்லில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பறையை அடிமைத் தொழிலின் அடையாளம் என்று ஒதுக்காமல், தலித் பெண்களின் கையில் கலையாகக் கொடுத்தது இங்குள்ள சக்தி கலைக்குழு. பறை அடிப்பவருக்கும் நெருப்புத் தெரியும். வைக்கோலைக் கொளுத்தி, அதன் குறுந்தீயில் தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்சினால்தான் ஒலி எழும். அதிகம் காட்டினால் தோல் கிழியும். கட்டாயமாகச் சுமத்தப்பட்ட தொழிலை மறுப்பதும், அதற்குள் இருந்த திறனை நம்முடையது என்று எடுத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதைப் பறை நமக்குக் காட்டியது.

இரண்டாவது, செயல்பாட்டாளர்களுக்கு. 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நல வாரியங்கள் உள்ளன. மூட்டத் தொழிலாளர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்வோம். இரவுக் காவலுக்கு நாள்கூலி, மூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பேர், பலகையும் தண்ணீரும் முதலாளி பொறுப்பு, ஆறும் வரை பிரிக்கக் கூடாது என்ற இவற்றைக் கோரிக்கையாக்குவோம். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். மூட்டக்காரரின் அறிவை நிபந்தனையாக எழுதி, கரி வாங்குபவரைக் கையெழுத்துப் போடவைத்தால் போதும்.

மூன்றாவது, எல்லோருக்கும். கங்குச் சட்டியையும் கரியடுப்பையும் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கதவு ஒருக்களித்திருக்கிறது, சன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். குளிருக்கும் கொசுவுக்கும் பிள்ளைத்தாய்ச்சி அறைக்கும் கரி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தலைவலி, வாந்தி, காரணமில்லாத அசதி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மயங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், கரி எரிந்த அறையில் இருந்தார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி சிகிச்சையையே மாற்றும்.

நாம் யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவர்களும், அவர்களுக்கு முன் பெயரில்லாமல் போனவர்களும், இரவெல்லாம் விழித்து யாரோ ஒருவரின் நெருப்பைக் காத்தவர்கள். ஊரார் வீட்டு அடுப்பு எரிந்தது அவர்கள் கரியில். ஊரார் வீட்டுப் பிணம் வெந்தது அவர்கள் காவலில். அவர்கள் கையில் இருந்த அறிவு கொடைக்கானல் அறை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும். தீட்டு என்று சொல்லித் தள்ளிவைத்ததில் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான். அந்தக் கணக்கை இனியாவது எழுதத் தொடங்குவோம்.

ஜெய் பீம்.